போசி நிறைய உருளைக்கிழங்கு

பனியன் துணிக்கென்று ஒரு வாசனை உண்டு. சாயம் ஏறி, காய்ந்து, சூட்டோடு சூடாக உருளைகளுக்கிடையே ஓடி வெளியே வந்த புதுத் துணியின் வாசனை அது. பஞ்சும் ஆவியும் லேசான மருந்து நெடியும் கலந்திருக்கும். அரிசியும் பருப்பும் ஒன்றாகப் போட்டு, சின்ன வெங்காயமும் பூண்டும் தாளித்துப் பொங்கிய சாதத்தை ஒரு எவர்சில்வர் டப்பாவில் சுடச்சுட அடைத்து, கசிந்துவிடாமல் அந்தத் துணியில் ஒரு துண்டை எடுத்து இறுக்கிக் கட்டி, மத்தியான மணி அடிக்கும்வரை புத்தகப் பைக்குள் வைத்திருந்து அவிழ்த்தால் கிளம்பும் பாருங்கள் ஒரு மணம், அதை முகர்ந்தவர்களுக்கு வேறு எந்த விருந்தும் பெரிதாகத் தெரியாது. எங்கள் ஊரில் கட்டிங் போக மிஞ்சும் துண்டுத் துணிக்குப் பஞ்சமே கிடையாது. அடுப்பில் பாத்திரம் பிடிப்பதும் அதில்தான், ஜன்னலை அடைப்பதும் அதில்தான், எங்கள் பள்ளிக்கூடச் சோற்றைக் கட்டுவதும் அதில்தான்.

"எங்கள் ஊர்" என்று இப்போது உரிமையோடு சொல்கிறேன். நான் ஐந்தாம் வகுப்பு சேர்ந்த வருடம் திருப்பூர் எனக்கு எந்த உறவும் இல்லாத ஊர். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல்காட்டிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடும் ஒரு மண்ணெண்ணெய் அடுப்போடும் வேலம்பாளையத்தில் வந்து இறங்கினோம். ஒரே ஓட்டுக் கூரையின் கீழ் ரயில் பெட்டி மாதிரி வரிசையாக அறைகள், ஒவ்வோர் அறையிலும் ஒரு குடும்பம், எல்லாருக்கும் பொதுவாக முற்றத்தில் ஒரு குழாய். இதற்கு "லைன் ஊடு" என்று பெயர். அப்பா துணி மூட்டை ஏற்றும் டெம்போ ஓட்டினார். அம்மா ஒரு பனியன் கம்பெனியில் "பிசிர் வெட்ட"ப் போனாள்; தைத்து வரும் பனியன்களில் தொங்கும் நூல் பிசிர்களைச் சின்னக் கத்தரியால் நறுக்கிவிடும் வேலை. வந்த புதிதில் எனக்கு ஊர்ச் சொற்கள் ஒவ்வொன்றும் வேடிக்கை. நாங்கள் தூக்குச்சட்டி என்பதை இங்கே "போசி" என்றார்கள். சோற்று டப்பா எதுவானாலும் போசிதான். அந்தச் சொல் எனக்கு அவ்வளவு பிடித்துப்போனது. டப்பா என்பது வெறும் தகரம், போசி என்றால் அதற்குள் கட்டாயம் ஏதோ இருக்கிறது என்று தோன்றும்.

ஆனால் அந்தப் போசியை நிரப்புவதற்குள் அம்மாவுக்குத் தாவு தீர்ந்துவிடும். குழாயில் தண்ணீர் வருவதே விடிந்த பிறகு. அதற்கு எல்லா வீட்டுக் குடங்களும் வரிசையில் நிற்கும். எங்கள் அடுப்போ பம்ப் அடித்தால் சீறும், விட்டால் அணையும். காலைக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று, எனக்கு இடைவேளைக்கு ஒன்று, மதியத்துக்கு ஒன்று என்று அம்மா கைவேகம் பத்தாமல் தவித்துக்கொண்டிருக்கும்போதே தெரு முக்கில் கம்பெனி வேன் வந்து நின்று ஹாரன் அடிக்கும். லைனில் இருக்கும் மற்றப் பெண்கள் எப்படியோ ஓடி ஏறிவிடுவார்கள். அம்மா ஒரு கையில் கொண்டை ஊசியோடும் இன்னொரு கையில் கரண்டியோடும் வாசலுக்கு வருவதற்குள் வேன் போயிருக்கும். அப்புறம் நடந்து போய், சாத்திய கேட்டின் முன்னால் நின்று, வாட்ச்மேனிடம் கெஞ்சி, சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு உள்ளே போக வேண்டும். ஐப்பசி பிறந்த சமயம் அந்த சூப்பர்வைசர் பொறுமை இழந்து, "இன்னொருக்கா லேட்டா வந்தீங்கன்னா அப்படியே ஊட்டுக்குப் போயிருங்க" என்று சொல்லிவிட்டார். அன்று சாயங்காலம் அப்பா, "ஒரு சம்பளத்துல இந்த ஊர்ல குடும்பம் நடத்த முடியாது. வேலை போச்சுன்னா ஊருக்கே திரும்பிருவோம், தீப்பெட்டி ஆபீஸ் எங்கயும் போயிரல" என்றார்.

தீப்பெட்டி ஆபீசில் மருந்து பட்டுப் பட்டு அம்மாவின் விரல்கள் எப்படி ஆகும் என்று எனக்குத் தெரியும். அதோடு, இந்த ஊர் எனக்குப் பிடித்துவிட்டது. எந்நேரமும் எங்கேயாவது மிஷின் ஓடும் சத்தம், தெருவெல்லாம் கலர் கலராகக் கிடக்கும் துணித் துண்டுகள், யாரைக் கேட்டாலும் "ஏனுங்க கண்ணு" என்று மரியாதையாகத் திரும்பும் முகங்கள்! பள்ளிக்கூடம் ஒன்றுதான் இன்னும் கைக்கு வரவில்லை. எங்கள் வகையறாப் பிள்ளைகளை நம்பியே நடந்த சின்ன இங்கிலீஷ் மீடியம் பள்ளி அது. அரசுப் பள்ளியில் சத்துணவு உண்டு, இங்கே கிடையாது. வீட்டிலிருந்துதான் கொண்டு போக வேண்டும். நான் வாயைத் திறந்தாலே என் பேச்சைத் திருப்பிச் சொல்லிச் சிரித்தார்கள். அதனால் மத்தியான மணி அடித்ததும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்து, தனியாகச் சாப்பிட்டுவிட்டு வருவேன். வீட்டில் இதைச் சொன்னதில்லை. அம்மாவுக்கு இருக்கிற கவலையில் இது வேறு எதற்கு?

இப்படி அம்மாவின் வேலை நூலில் தொங்கிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, குழாயடியில் தனலட்சுமி அக்காவின் குரல் கேட்டது. அக்கா எங்களுக்கு அடுத்த அறை. குன்னத்தூர்க்காரர். அம்மா போகும் அதே கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷனில் இருந்தார். அவர் ஒட்டி அனுப்பிய அட்டைப்பெட்டி ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை என்பது லைன் முழுக்கத் தெரிந்த பெருமை. தெரியாதவர்களுக்கு அவரே சொல்லிவிடுவார்.

"ஏனுங்க, நான் ஒண்ணு கேக்கறேன்" என்று குடத்தை இடுப்பிலிருந்து இறக்கினார் அக்கா. "ஒரு பனியனை ஒருத்தியே வெட்டி, ஒருத்தியே தெச்சு, ஒருத்தியே பிசிர் எடுத்து, ஒருத்தியே மடிச்சா ஒரு நாளைக்கு எத்தன பனியன் போகும்? கம்பெனிய இழுத்து மூடிப்போட்டுப் போகவேண்டீதுதான். அங்கெல்லாம் ஆளுக்கொரு வேலையா லைன் போட்டு அடிக்கறோம். ஊட்டுக்கு வந்தா மட்டும் ஊடு ஊடா ஒருத்தியே வெங்காயம் உரிச்சு, ஒருத்தியே சோறாக்கி, ஒருத்தியே போசி கட்டறோம். நமக்குப் புத்தி இருக்குதுங்களா?"

ஸ்டெல்லா அத்தைதான் முதலில் சிரித்தார். அவரும் எங்களைப் போலத் தெற்கத்திக்காரர், நாசரேத் பக்கம். ஓவர்லாக் தையல் மிஷினில் உட்கார்ந்தால் எழுந்திருக்காதவர். "ஏ தனம், அப்போ சோத்துக்கு லைன் போடணும்னு சொல்லுதியா?" என்றார். "ஆமாங்க. மொதல்ல பசங்க போசிய மட்டும் போட்டுப் பாக்கலாம். சாம்பிள்" என்றார் அக்கா. சாம்பிள் என்ற சொல்லைக் கேட்டதும் எல்லாருக்கும் தைரியம் வந்துவிட்டது. திருப்பூரில் சாம்பிள் போட்டுப் பார்க்க யாரும் பயப்பட மாட்டார்கள்.

அன்று பொழுது சாய்வதற்குள் செக்‌ஷன்கள் பிரிந்துவிட்டன. கட்டிங் அம்மாவுக்கு; கத்தரியில் ஓடுகிற கை காய் நறுக்காதா? அடுப்பு ஸ்டெல்லா அத்தைக்கு, ஏனென்றால் லைனிலேயே பெரிய குண்டாவும் கேஸ் அடுப்பும் அவரிடம்தான் இருந்தன. வறுவலும் பொடிமாசும் துவையலும் வேறு மூன்று வீட்டில். உப்பு உறைப்புப் பார்க்கக் கடைசி அறை அக்கா, அதற்குப் பெயர் செக்கிங். பேக்கிங் தனலட்சுமி அக்கா என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவேகூட இல்லை. போசி மூடிகளைத் துடைத்து ஜோடி சேர்ப்பது பிள்ளைகளான எங்கள் வேலை. அப்பா இதையெல்லாம் பார்த்துவிட்டு, "கம்பெனி ஆரம்பிச்சாச்சு போல" என்று மட்டும் சொன்னார். எனக்கோ கால் தரையில் பாவவில்லை. பண்டிகைக்கு, இந்த ஊர்ச் சொல்லில் நோம்பிக்கு, முந்தின நாள் மாதிரி லைன் முழுக்க ஒரு பரபரப்பு. உருளைக்கிழங்கு வாங்கப் போனவர்கள் கூடவே நானும் ஓடினேன், முட்டை வாங்கப் போனவர்கள் கூடவும் ஓடினேன்.

திங்கட்கிழமை விடிந்தது. மழை மூட்டம், கரண்ட் வேறு இல்லை. ஆனால் அந்தக் காலையின் அழகை நான் எப்படிச் சொல்வேன்! ஓர் அறையிலிருந்து நறுக்கிய வெங்காயம் கிளம்பி அடுத்த அறைக்குப் போகிறது, அங்கே தாளிக்கிற சத்தம், அதற்கடுத்த அறையில் உருளைக்கிழங்கு முறுகுகிற வாசனை, "மொளகா வரலியே, மொளகா!" என்று ஸ்டெல்லா அத்தை கத்த, "இன்புட் வந்துக்கிட்டே இருக்கு" என்று அம்மா சிரித்துக்கொண்டே ஓடுகிறாள். அம்மா காலைநேரத்தில் சிரித்து நான் பார்த்தே எத்தனையோ நாளாகியிருந்தது. எல்லாம் கடைசியில் தனலட்சுமி அக்காவின் அறைக்குப் போய்ச் சேர்ந்தன. ஜன்னல் இல்லாத அந்த அறையில், மெழுகுவத்தி வெளிச்சத்தில், பலகைமேல் எங்கள் போசிகள் வாயைத் திறந்து வரிசையாகக் காத்திருக்க, அக்காவின் கைகள் கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில் போய்வந்தன. அள்ளு, அடை, அமுக்கு, மூடு, கட்டு. "பெட்டி தொளதொளன்னு இருக்கப்படாது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். யாரும் எட்டிப் பார்க்கவில்லை. லைன் வேலையில் அதுதானே வழக்கம். தன் கைக்கு வந்ததை முடித்து அடுத்த கைக்குத் தள்ள வேண்டியது, முழுப் பனியனைப் பார்ப்பது நம் வேலையில்லை.

வேன் ஹாரன் அடித்தபோது அம்மா தலை பின்னி, பூ வைத்து, முக்கில் நின்றுகொண்டிருந்தாள். ஜன்னலோரம் உட்கார்ந்து எனக்குக் கைகூடக் காட்டினாள். நான் அந்த வேன் திரும்பும்வரை குதித்துக்கொண்டே நின்றேன்.

மத்தியான மணி அடித்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து, முடிச்சை அவிழ்த்து, மூடியைத் திறந்தால் உருளைக்கிழங்கு. முறுகலாக, மஞ்சளும் மிளகாய்த் தூளும் மினுங்க, விளிம்புவரை அமுக்கி அடைத்த உருளைக்கிழங்கு. ஒரு பருக்கை சோறு கிடையாது. விரலால் தோண்டிப் பார்த்தேன், அடியிலும் உருளைக்கிழங்குதான். எந்தப் பிள்ளைக்கும் அது கனவு போசி. எனக்கோ பகீரென்றது. ஏதோ தப்பு நடந்துவிட்டது, இது வீட்டுக்குத் தெரிந்தால் லைன் கலைந்துவிடும், அம்மா பழையபடி வேனை விடுவாள், தீப்பெட்டி ஆபீஸ் என்று அடுக்கடுக்காகத் தோன்றி, மூடியை அவசரமாகப் போட்டு மூடினேன்.

அப்போதுதான் கார்த்தி வந்து சேர்ந்தான். தனலட்சுமி அக்காவின் மகன், ஏழாம் வகுப்பு. பள்ளியில் என்னைத் தெரிந்த மாதிரியே காட்டிக்கொள்ள மாட்டான். அன்று வகுப்பு வகுப்பாகத் தேடிவிட்டு மூச்சிரைக்க வந்து நின்றான். "ஏ புள்ள, உன்ற போசில என்ன இருக்குது?" என்றான். காட்டினேன். "அடங்கொக்கமக்கா! என்றதுல பூராச் சோறு. தொட்டுக்க ஒண்ணும் இல்லாம, சோறு மட்டும்!" அவன் பின்னாலேயே ஸ்டெல்லா அத்தையின் மகள் ஜெனி, என் வகுப்புதான், தன் தம்பி சின்னுவைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். ஜெனிக்கும் சோறு. ஒன்றாம் வகுப்புச் சின்னுவுக்கு முழுக்க முட்டைப் பொடிமாஸ். அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம், யாராவது பிடுங்கிவிடுவார்களோ என்று போசியை நெஞ்சோடு அணைத்திருந்தான். லைன் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். இன்னொரு பையன் போசியில் பொட்டுக்கடலைத் துவையல் மட்டும். ஒரு தெருவுக்கே போதும்.

கார்த்திதான் நெற்றியில் அடித்துக்கொண்டான். "எங்கம்மா சாலிட் போட்டுருச்சு!" என்றான். எங்களுக்குப் புரியவில்லை. அவன் விளக்கினான். கம்பெனியில் பெட்டி கட்டுவதில் இரண்டு விதம் உண்டாம். ஒரே பெட்டிக்குள் எல்லா சைசும் எல்லாக் கலரும் கலந்து வைத்தால் அது அசார்ட். ஒரு பெட்டிக்குள் ஒரே சைஸ், ஒரே கலர் என்று வைத்தால் அது சாலிட். அந்த வாரம் முழுக்க அவன் அம்மாவுக்குச் சாலிட் ஆர்டர்தான் ஓடிக்கொண்டிருந்ததாம். மெழுகுவத்தி வெளிச்சத்தில் வரிசையாக வாய் திறந்த பெட்டிகளைப் பார்த்ததும் அக்காவின் கை, அக்காவைக் கேட்காமலே வேலையை முடித்துவிட்டது.

ஒரு நிமிடம் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அப்புறம் யார் முதலில் சிரித்தது என்று நினைவில்லை. விழுந்து விழுந்து சிரித்தோம். போசி மூடிகள் தட்டுகளாயின. கார்த்தி பந்தி விசாரிக்கும் பெரிய மனுஷன் மாதிரி நடுவில் நின்று சோறு பிரித்தான். நான் உருளைக்கிழங்கு போட்டேன். எல்லா மூடிகளும் என்னை நோக்கி நீண்டன! "எனக்கு இன்னுங் கொஞ்சம்", "எனக்கு அந்த முறுகல்" என்று குரல்கள். நேற்றுவரை என் பேச்சைக் கேட்டுச் சிரித்தவர்கள், "போதுமா, இன்னும் வேணுமா?" என்று நான் கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் சொன்னார்கள். சின்னுவிடமிருந்து முட்டையை வாங்குவதற்குத்தான் ஜெனி கெஞ்ச வேண்டியிருந்தது. பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் எழுந்து வந்து, "இன்னிக்கு உங்க ஊட்டுல என்ன விசேஷம்?" என்று கேட்டார்கள். கையில் பிரம்போடு ரவுண்ட் வந்த டீச்சர்கூட எங்களைப் பார்த்துவிட்டு, ஒரு துண்டு உருளைக்கிழங்கை வாயில் போட்டுக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் போனார். அந்தச் சாப்பாட்டின் ருசியை இன்றைக்கும் என் நாக்கு மறக்கவில்லை. தொட்டிக்குப் பின்னால் அத்தனை சத்தம் கேட்டது அன்றைக்குத்தான்.

கை கழுவும்போது கார்த்தி எல்லாரையும் கூட்டி வைத்துச் சொன்னான். "யாரும் ஊட்டுல மூச்சு விடப்படாது. எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா ரோசத்துல நாளைக்கே நிறுத்திப் போடும். நல்லா இருந்துச்சுன்னு மட்டுஞ் சொல்லோணும்." நான்தான் எல்லாரையும்விடப் பலமாகத் தலையாட்டினேன்.

நாங்கள் இப்படிச் சத்தியம் செய்துகொண்டிருந்தபோது கம்பெனியில் நடந்ததை அம்மா பிற்பாடு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். மத்தியானச் சாப்பாடு முடிந்து, தனலட்சுமி அக்கா ஓர் அட்டைப்பெட்டியில் ஒரே நீலமாகப் பனியன்களை அடுக்கி, டேப்பை இழுத்தவர், இழுத்த கை இழுத்தபடி நின்றுவிட்டாராம். "ஐயோ சாமீ!" என்று அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து மேஜைக்காரர்கள் விரலில் ஊசி ஏறிவிட்டது என்று ஓடிவந்தார்களாம். பேக்கிங்கிலிருந்து செக்கிங்குக்கு, செக்கிங்கிலிருந்து தையல் லைனுக்கு, அங்கிருந்து பிசிர் வெட்டும் அம்மாவுக்கு என்று செய்தி போய்ச் சேர்ந்தது. புள்ளைகள் பட்டினி கிடக்கின்றன என்று சாயங்காலம் வரைக்கும் ஒருத்திக்கும் வேலையே ஓடவில்லை. அம்மாவுக்கு அதற்கு மேல் ஒரு பயமும் இருந்தது. நாளை காலை மறுபடி தனி அடுப்பு, மறுபடி ஹாரன்.

சாயங்காலம் வேன் வந்து நின்றதும், நாங்கள் "நல்லா இருந்துச்சு" என்பதை உதட்டில் வைத்துக்கொண்டு ஓடினோம். முதலில் இறங்கியது தனலட்சுமி அக்கா. கண்கள் சிவந்திருந்தன. "கண்ணுகளா, மத்தியானம் என்ன சாப்புட்டீங்க?" என்றார்.

"சோறும்மா. நல்லா இருந்துச்சு" என்றான் கார்த்தி.

"தொட்டுக்க?"

"எல்லாந்தான்" என்றாள் ஜெனி. நான் வேறு, "செமத்தியா இருந்துச்சுக்கா" என்று சேர்த்தேன். அக்காவின் முகத்தில் குழப்பம் வந்தது. ஒருவேளை தான் சரியாகத்தான் கட்டியிருக்கிறோமோ என்று அவரே நம்பத் தொடங்கிய அந்தக் கணத்தில், சின்னு இரண்டு கையையும் அகல விரித்தான்.

"எனக்கு ஃபுல்லா முட்டை! போசி ஃபுல்லா முட்டை! நாளைக்கும் முட்டை!"

எங்கள் சத்தியம் அதோடு போயிற்று. அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "இத்தன வருசத்துல என்ற கை தவறுனதில்லைங்க. பெத்த புள்ளைக போசிலயா தவறோணும்? நாளைக்கு நான் பேக்கிங்குக்கு வரலீங்க" என்று விசும்பினார். யாரோ, "இதெல்லாம் ஒத்து வராதுங்க, அவங்கவங்க சோறு அவங்கவங்க ஊட்டுல" என்றார். ஒன்றிரண்டு தலைகள் ஆடின. அம்மா கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தாள். சேலை நுனியில் இல்லாத பிசிரைத் தேடி விரலால் உருவிக்கொண்டிருந்தாள். வந்து சேர்ந்து சில மாதங்களே ஆனவள் எந்த உரிமையில் கேட்பாள்?

அவ்வளவு பேருக்கு முன்னால் நான் அதுவரை வாயைத் திறந்ததே இல்லை. "யக்கா, நாளைக்கும் இப்படியே வைங்க" என்றேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொண்ணா, தனித்தனியாவே வைங்க. அப்பத்தான் எல்லாரும் எங்கிட்ட வருவாக."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது. அம்மா மெதுவாக என் பக்கத்தில் வந்தாள். "அப்போ இத்தனை நாளும் தனியாவா தின்ன?" என்றாள். என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள். பனியன் பஞ்சு ஒட்டிய அந்தச் சேலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நான் அழுதேன்.

அக்கா மூக்கை உறிஞ்சித் துடைத்தார். கார்த்தியைப் பார்த்தார், ஜெனியைப் பார்த்தார். "நிசமாத்தான் சொல்றீங்களா? அப்புடியே வெச்சுப்போடட்டுமா?" என்றார். "வைங்க, வைங்க!" என்று லைன் பிள்ளைகள் மொத்தமும் கத்தினோம். அக்கா முந்தானையை உதறி இடுப்பில் செருகினார். "சரிங்க. ஆர்டர் கன்ஃபார்ம் ஆயிருச்சு. யாரும் பேசப்படாது. ஏனுங்க கண்ணு" என்று என்னைப் பார்த்து, "உங்கம்மாவ நேரத்தோட வெங்காயம் அரியச் சொல்லு" என்றார்.

அதற்கப்புறம் வந்த மாதங்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு துள்ளுகிறது. யார் போசியில் என்ன இருக்கிறது என்று அக்கா சொல்ல மாட்டார். பள்ளிக்கு நடக்கும் வழியெல்லாம் போசியைத் தூக்கிப் பார்த்து, குலுக்கிப் பார்த்து, துணியை மோந்து பார்த்து ஊகிப்போம். கனமாக இருந்தால் சோறு. குலுங்கினால் கடலை உருண்டை. ஆடம்பரமாக எதுவும் கிடையாது. ஒரு நாள் தக்காளி சாதம், ஒரு நாள் எலுமிச்சை சாதம், ஒரு நாள் இடியாப்பம் மாதிரி இருக்கும் சந்தகை. தொட்டுக்கொள்ளப் பீர்க்கங்காய்த் தோல் துவையலோ மூலனூர் முருங்கைக்காய் மலிந்த காலத்தில் முருங்கைக்காய்ப் பொரியலோ. இடைவேளைக்கு அவித்த தட்டைப்பயறு, ராகிப் புட்டு, வெல்லம் கலந்த பொரி. கார்த்தி வீட்டில் கிருத்திகைக்கும் செவ்வாய்க்கிழமைக்கும் முட்டை ஆகாது என்பதால் அன்று லைன் முழுக்க முட்டை கிடையாது. சின்னுவுக்கு மட்டும் முருகன்மேல் கொஞ்சம் வருத்தம். இதில் எதிர்பாராத இன்னொன்றும் நடந்தது. யாராலும் லீவு போட முடியவில்லை. லேசாக உடம்பு சுட்டால்கூட, "ஐயோ, சோறு எங்கிட்ட இருந்தா?" என்று எழுந்து ஓடுவோம். ஒருநாள் ஜெனிக்கு நிஜமாகவே காய்ச்சல் கண்டபோது, தன் போசியைச் சின்னுவின் பையில் திணித்து அனுப்பிவிட்டுத்தான் படுத்தாள். எனக்கென்று ஓர் இடம் வந்துவிட்டது. என் பேச்சும் மாறிப்போனது. அந்த வருடக் கடைசியில் நான் "ஏனுங்க" என்று ஆரம்பிக்காமல் எதுவும் பேசியதில்லை.

அம்மா அதற்குப் பிறகு ஒருநாளும் வேனைத் தவறவிடவில்லை. பிசிர் வெட்டியவள் மிஷினில் உட்காரக் கற்றுக்கொண்டாள். அப்பா ஊருக்குத் திரும்பும் பேச்சை எடுக்கவே இல்லை. நான் இந்த ஊரிலேயே படித்து, இந்த ஊரிலேயே ஒரு ஏற்றுமதி அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து, இந்த ஊர்க்காரரையே கட்டிக்கொண்டேன்.

லைன் வீடு இருந்த இடத்தில் இப்போது ஒரு துணிக் கிடங்கு நிற்கிறது. நாங்கள் இருப்பது அடுக்குமாடியில். யார் வீட்டில் என்ன தாளிக்கிறார்கள் என்று புகைபோக்கிக்குத்தான் தெரியும். என் மகள் யாழினி நான்காம் வகுப்பு. அவளுடைய டப்பாவில் தடுப்பு வைத்து மூன்று அறைகள் இருக்கின்றன. சாதத்துக்கு ஒன்று, பொரியலுக்கு ஒன்று, பழத்துக்கு ஒன்று. காலையில் நான் ஒருத்தியே அதை நிரப்பி, ஒருத்தியே பார்த்து, ஒருத்தியே மூடுகிறேன். ஒரு குறையும் சொல்ல முடியாத டப்பா. அவள் பள்ளியில் உணவைப் பகிரக் கூடாது என்று சுற்றறிக்கையே அனுப்பியிருக்கிறார்கள். யாருக்கு எது ஒத்துக்கொள்ளாதோ என்ற அவர்கள் பயத்தை நான் குறை சொல்லவில்லை.

போன வாரம் ஒரு ஷிப்மென்ட் அவசரத்தில் பொரியல் வைக்கவே மறந்துவிட்டேன். அலுவலகத்தில் பாதி நாள் கழித்துத்தான் நினைவு வந்தது. ஓடிவந்து பார்த்தால், வெறும் சாதத்தைப் பாதி தின்றுவிட்டு மீதியைக் கொண்டுவந்திருந்தாள்.

"யார்கிட்டயாவது கேட்டிருக்கலாமே கண்ணு?"

"கேக்கக் கூடாதும்மா" என்றாள், ஷூவைக் கழற்றிக்கொண்டே. அவள் குரலில் வருத்தம் எதுவும் இல்லை.

"பக்கத்துல யாரு உக்காந்திருந்தா?"

"தியா. அவதான் எப்பவும்."

"அவ என்ன கொண்டு வந்திருந்தா?"

யாழினி நிமிர்ந்து என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். "அது எனக்கு எப்படிம்மா தெரியும்?"